தொட்டியை உறைய வைத்த கை

"என்னைக் கட்டிப் போடற வேலை இந்த ஓசூர் தாலுக்காவுலயே இன்னும் பொறக்கலப்பா. நெனச்ச நிமிசம் சாவியை மொதலாளி மேஜைமேல வெச்சிட்டுப் போயிட்டே இருப்பேன். திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

ஜூஜுவாடியில், தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கும் டீக்கடையில், திரு. கோவிந்தப்பன் அவர்கள் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், இரண்டு லாரி டிரைவர்கள், அத்திப்பள்ளி பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டம் ஆகியோர் சாட்சி.

பிரகடனம் முடிந்த மறுகணமே அவருடைய செல்போன் அடித்தது. "வந்துட்டேன் மொதலாளி, இதோ, கேட் கிட்ட வந்துட்டேன்" என்று பொய் சொல்லியபடியே, ஆறாத டீயைப் பலகைமேல் வைத்துவிட்டு ஓடினார். இடுப்பில் சாவிக்கொத்து ஆடியது. டீக்கடைக்காரர் அந்த டம்ளரின் மேல் ஒரு தட்டைப் போட்டு மூடினார். தினமும் மூடுகிற தட்டுதான்.

வரலாற்றுக்கு நியாயம் செய்வதென்றால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சு ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்தது. மத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஐடிஐ முடித்து ஓசூருக்கு வந்ததிலிருந்து கோவிந்தப்பன் உதறிவிட்டு வந்த வேலைகள் ஏராளம். கியர் கம்பெனியை, சூப்பர்வைசர் 'வாங்க' என்பதற்குப் பதில் 'வா' என்றதற்காக விட்டார். பிஸ்கட் கம்பெனியை, கேண்டீன் சாம்பாரில் ஒரு வாரமாக முருங்கைக்காய் கண்ணில் படவில்லை என்பதற்காக விட்டார். வயர் கம்பெனியில் குறையே இல்லை. குறையில்லாத இடத்தில் மனிதன் எதைப் பேசிப் பொழுதைப் போக்குவது என்று விட்டார். ஒவ்வொரு முறையும் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி எறிந்த அழகைப் பற்றி அந்தந்தக் கம்பெனிகளில் இன்றும் பேசிக்கொள்வதாக அவரே சொல்வதுண்டு.

இப்படிக் காற்றாய்த் திரிந்தவர் கடைசியில் ஒரு தொட்டித் தண்ணீரிடம் மாட்டிக்கொண்டார்.

தொட்டி, மாம்பழ வியாபாரி சிவராஜுடையது. நெடுஞ்சாலை லாரிகளின் சத்தம் கேட்கும் தூரத்தில் அவருக்கு ஒரு குளிர்கிடங்கு இருக்கிறது. மாவட்டத்துத் தோப்புகளிலிருந்து செந்தூராவும் பெங்களூராவும் மல்கோவாவும் அங்கே வந்து இறங்கும். மாம்பழம் பிடிவாதக்காரப் பழம். சூட்டில் வைத்தால் எல்லாம் சேர்ந்தாற்போல் பழுத்துத் தொலையும். ஐஸ் குளிரில் வைத்தால் தோல் கறுத்துச் சுவை கெடும். பதின்மூன்று டிகிரிதான் அதற்கு ஒத்துக்கொள்ளும். அங்கே மெஷின் பார்க்கச் சேர்ந்த, எதுவும் ஒத்துக்கொள்ளாத கோவிந்தப்பனுக்கு இதனாலேயே மாம்பழத்தின்மேல் ஒரு மரியாதை.

பெங்களூரு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிலிருந்து விஜயகுமார் என்ற விஞ்ஞானி அந்தத் தொட்டியைக் கொண்டுவந்து சோதனைக்காக நிறுவினார். ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு எஃகு. பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே தண்ணீரும், ஃபிரிட்ஜுக்குள் ஓடுகிற மாதிரியான ஒரு கேஸும். இரண்டையும் கலக்கிக்கொண்டே குளிர வைத்தால், ஐஸ் கட்டும் பூஜ்ஜியத்துக்கு வெகு முன்னாலேயே, ஏழெட்டு டிகிரியிலேயே, வெள்ளை வெளேரென்று கூழாக உறைந்துவிடும். பகலில் கூரைமேல் சோலார் கரண்ட் கொழிக்கும்போது உறைய வைத்துக்கொள்வது. சாயங்காலம் கரண்ட் விலை ஏறும் நேரத்தில் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, அந்தக் கூழை உருக விட்டு அதன் குளிர்ச்சியைக் கிடங்குக்குள் அனுப்புவது. இதுதான் திட்டம். மாம்பழத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த குளிர்.

"இதுக்குப் பேரு கிளாத்ரேட் ஹைட்ரேட்" என்றார் விஜயகுமார். "தண்ணி மூலக்கூறெல்லாம் கைகோத்துக்கிட்டு ஒரு கூண்டு மாதிரி நிக்கும். கூண்டுக்குள்ள கேஸ் மூலக்கூறு மாட்டிக்கும்."

"எதால கட்டியிருக்குங்க சார்?" என்று கேட்டார் கோவிந்தப்பன்.

"எதாலயும் கட்டல. கேஸுக்கும் தண்ணிக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. சும்மா உள்ள உக்காந்திருக்கு."

"கட்டலைன்னா எந்திரிச்சுப் போக வேண்டியதுதானுங்களே?"

"போகாது. அது உள்ள இருக்கறதாலதான் கூண்டே நிக்குது."

கோவிந்தப்பன் முகம் சுளித்தார். "மானங்கெட்ட கேஸுங்க சார். நானா இருந்தா போயிட்டே இருப்பேன்."

அந்தத் தொட்டிக்கு ஒரே ஒரு குணக்கேடு. எப்போது உறையும் என்று அதற்கே தெரியாது. சில நாள் சுவிட்சைப் போட்ட கொஞ்ச நேரத்தில் உறையும். சில நாள் எட்டு டிகிரியைத் தாண்டி, ஐந்தைத் தாண்டி, மூன்று வரைக்கும் குளிர்ந்து, அப்போதும் தண்ணீர் தண்ணீராகவே முறைத்துக்கொண்டு நிற்கும். விஜயகுமார் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த ஜன்னல் முன்னால் எத்தனையோ மதியங்களைக் கழித்தார். "முதல் துகள் ஒண்ணு உருவாகணும். அது எப்போன்னு சொல்ல முடியாது. தற்செயல்" என்றார்.

"தற்செயலா? அதை அப்படியே மாங்காகிட்டயும் சொல்லிடுங்க சார்" என்றார் சிவராஜ்.

இந்த அறிவியல் சிக்கலைக் கோவிந்தப்பன் தீர்த்து வைத்தார். தீர்த்த முறை வருமாறு. தினமும் சாயங்காலம் தொட்டி முழுவதும் உருகி முடியும்வரை, கிடங்குக்குக் குளிரை அனுப்பும் வால்வைத் திறந்து வைத்துக் காவலிருக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாள் அவருக்கு அலுப்புத் தட்டி, பாதியிலேயே வால்வை மூடிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அடியில் ஓர் அடி உயரத்துக்குக் கூழ் உருகாமல் தங்கிவிட்டது. மறுநாள் சுவிட்சைப் போட்டார். போட்டதும் தொட்டி உறைந்தது. பழைய கூழ் புதுக் கூழுக்கு உறைமோர் ஆகியிருந்தது. வீட்டில் தயிர் தோய்க்கிற யாருக்கும் விளங்குகிற விஷயம்.

கோவிந்தப்பனுக்கும் விளங்கியது. ஆனால் சிவராஜ் ஓடிவந்து, "ஏமப்பா, எப்படி இது?" என்று கேட்டபோது, உண்மையைச் சொல்ல வேண்டுமானால் டீக்கடையையும் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

"நம்ம கைக்கு ஒரு ராசி உண்டுங்க மொதலாளி."

மாங்காய் மண்டியில் பிறந்து வளர்ந்தவரிடம் விளையாட்டாகக்கூடச் சொல்லக் கூடாத வார்த்தை அது. முதல் கூடையை யார் இறக்குவது, முதல் போணி யார் கையில் ஆவது என்று பார்த்துப் பார்த்தே ஒரு கிடங்கு கட்டியவர் சிவராஜ். அவர் கைகூப்பிவிட்டார். அவருடைய தாயார் சரோஜம்மாள் அன்று மாலையே வந்து கோவிந்தப்பனின் வலது கைக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார். கைக்கு மட்டும். அதோடு சேர்ந்திருந்த மற்ற ஆளைப் பற்றி அந்த அம்மாளுக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை.

சோதனைக் காலம் முடிந்து விஜயகுமார் லேப்டாப்போடு பெங்களூருக்குப் போய்விட்டார். அதன் பிறகு தொட்டிக்கு இருந்த ஒரே விஞ்ஞானம் கோவிந்தப்பனின் வலது கை.

அன்றிலிருந்து மூன்று மாம்பழ சீசன். ஞாயிறு, யுகாதி, சித்திரைப் பிறப்பு எல்லா நாளும் வெயில் ஏறியதும் அவர் கை சுவிட்சின்மேல் இருந்தாக வேண்டும். சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு, ஏதோ மந்திரம் சொல்கிறவர்போல் உதட்டை அசைத்தபடி, அடியில் உறையை மிச்சம் வைத்து வால்வை மூடுவார். காய்ச்சல் வந்து படுத்த நாளில் சிவராஜின் கார் வந்தது. கம்பளியோடு அள்ளிக்கொண்டு போய், சுவிட்சைத் தொட வைத்து, கம்பளியோடு திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள். கையில் அடிபட்டுவிடக் கூடாதென்று பைக் ஓட்டத் தடை. பெட்டி தூக்கத் தடை. கதவிடுக்குகளின் பக்கம் போகவும் தடை.

எல்லாவற்றுக்கும் மேல், மகள் சௌமியாவின் கல்யாணம். சாமல்பட்டியில் சம்பந்தி வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து அவர் முதல் கவளத்தை எடுத்தபோது வீடியோ கால் வந்தது.

"கையைக் காட்டுப்பா" என்றார் சிவராஜ்.

காட்டினார்.

"சாம்பாரு ஒட்டியிருக்கு. கழுவிட்டுக் காட்டு."

கழுவிவிட்டு, பந்தி நடுவே எழுந்து நின்று, வலது கையைப் போனுக்கு நேராக உயர்த்தினார். சம்பந்தி வீட்டார் தங்களை ஆசீர்வதிக்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். அந்தப் பக்கம், எடைமேடையைப் பார்த்துக்கொள்ளும் தங்கமணி சுவிட்சை அழுத்தினார். தங்கமணி, கணவரோடு விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்த பெண். தொட்டி உறைந்தது. கைராசி போனிலும் வேலை செய்யும் என்று நிரூபணமானதால், செல்போன் டவர் இல்லாத ஊர்களுக்குக் கோவிந்தப்பன் போகக் கூடாது என்று மேலும் ஒரு தடை சேர்ந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் டீக்கடைப் பிரகடனம் ஒரு நாளும் நிற்கவில்லை. தடைகள் ஏற ஏறக் குரலும் ஏறியது.

அவர் மனைவி மாதம்மாள் டீக்கடைக்குப் போகிறவர் இல்லை. ஆனால் பிரகடனங்கள் எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிடும். ஒரு நாள் மாதம்மாள் அதை நிறைவேற்ற ஏற்பாடே செய்துவிட்டார். அவருடைய தம்பி சுபாஷ், எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ஒரு சிப்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர்.

"சுபாஷ் பேசிட்டான்" என்றார் மாதம்மாள். "கூலிங் மெஷின் பாக்கற வேல. வர்ற திங்கக்கெழம வந்து சேரச் சொல்றாங்க. அன்னிக்கு வரலைன்னா வேற ஆளப் போட்டுருவாங்களாம். பகல் ஷிப்டு. ஞாயித்துக்கெழம லீவு."

"ஞாயித்துக்கெழமன்னா, முழு நாளுமா?"

"முழு நாளும்."

"நடுவுல கூப்புட்டா?"

"கூப்புட மாட்டாங்க. அதுக்குப் பேருதாங்க லீவு."

கோவிந்தப்பன் யோசித்தார். மாதம்மாள் விடவில்லை. "சௌமியா கல்யாண போட்டோவ எடுத்துப் பாருங்க. எல்லாத்துலயும் ஒரு கையில போனு, ஒரு கை மேல. போலீஸ் புடிச்ச மாதிரி நிக்கறீங்க. நான் பெருசா ஒண்ணும் கேக்கல. வாரத்துக்கு ஒரு நாள் எங்கூட உக்காந்து சோறு தின்னணும். தின்னு கழுவுனப்புறம் அந்தக் கை நம்ம வீட்லயே இருக்கணும். டீக்கடையில பேசறதை ஒரே ஒரு தடவ செஞ்சு காட்டுங்க, பாக்கறேன்."

"செஞ்சாப் போச்சு" என்றார் கோவிந்தப்பன். கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னார்.

மறுநாள் முதலாளி மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

"மொதலாளி, நான் கெளம்பறேன்."

"டீக்கா? சீக்கிரம் வந்துரு."

"இல்லீங்க. ஒரேயடியா."

சிவராஜ் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "கிடங்கு முழுக்க மாங்கா கெடக்குது. உன் கையை நம்பிப் பெரிய கம்ப்ரஸரை வித்தே போட்டேன். இருக்கற சின்னது சாயங்காலத்துக்குத் தாங்காது. தொட்டி ரெண்டு நாள் உறையலைன்னா மொத்தமும் பழுத்துரும். தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"போறதுன்னா போ. உன்னைக் கட்டியா வெச்சிருக்கேன்? கையை மட்டும் விட்டுட்டுப் போ."

'அடியில் ஓர் அடி மிச்சம் வையுங்கள்.' இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் கோவிந்தப்பன் அந்த நிமிடமே விடுதலை. ஆனால் மூன்று சீசன் திருஷ்டி சுற்றப்பட்ட கை அது. அதை ஒரு கரண்டி உறைமோராகக் குறைத்துக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை. கௌரவமாக வெளியேற வேறொரு வழி கண்டார்.

"ராசியை மாத்திக் குடுக்கலாங்க மொதலாளி. தங்கமணி கைக்கு. முறைப்படி செஞ்சா எறங்கிரும்."

முறையை அவரே அருளினார். சனிக்கிழமை உச்சி வெயிலில் செய்ய வேண்டும். பெறுகிறவர் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, அந்த நேரத்துக்குத்தான் உள்ளே வர வேண்டும். தருகிறவர் ஓசூர் மலைக்கோயிலுக்குப் போய் மாலையும் குங்குமமும் கொண்டுவர வேண்டும். எல்லாம் சுத்தபத்தமாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை, கேட்பவர்களுக்குப் பயபக்தி வரட்டும் என்று, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஓர் அடிக்குப் பதில் இரண்டு அடி உறையை மிச்சம் வைத்து வால்வை மூடினார். தங்கமணி கை என்ன, கிடங்குப் பூனையின் கால் பட்டாலும் நாளைக்குத் தொட்டி உறையும்.

சனிக்கிழமை உச்சிவேளைக்குப் பூமாலையோடு திரும்பியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தொட்டி பளபளவென்று மின்னியது. மாவிலைத் தோரணம், சந்தனம், குங்குமம். கண்ணாடி ஜன்னலுக்குள் வெறும் தண்ணீர், குடிக்கலாம் போல அவ்வளவு தெளிவாக.

"சுத்தபத்தமா இருக்கணும்னு சொன்னியே!" என்று சிவராஜ் பூரித்தார். "காலையிலயே சர்வீஸ்காரங்களைக் கூப்புட்டு, கேஸைத் தனியா எடுத்து, சுடுதண்ணி ஊத்திக் கழுவி, புதுத் தண்ணி ரொப்பி, கேஸைத் திரும்ப ஏத்தியாச்சு. அடியில ரெண்டு அடிக்கு ஏதோ பழைய கசடுப்பா! அசிங்கம். அம்மாதான் முன்னால நின்னு, ஒரு பொட்டு விடாம உருக்கி மோரிச் சாக்கடையில விடச் சொன்னாங்க."

"எத்தனை நாளு கசடோ" என்றார் சரோஜம்மாள். "மூக்கைப் புடிச்சிக்கிட்டு நின்னேன்."

தங்கமணி ஈரத்தலையோடு வந்து சேர்ந்தார். ஜன்னலைப் பார்த்ததும் கோவிந்தப்பன் பக்கத்தில் வந்து, வாய்க்குள்ளேயே பேசினார். "அண்ணே, அடியில வச்சிருந்த உறை எங்க?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"நல்லாக் கேட்டீக. உங்க மக கல்யாணத்தன்னைக்கு நீங்க வீடியோவுல கையைத் தூக்கினதுலயா உறைஞ்சுச்சு? முந்தின நாளு சாயங்காலம் வால்வை மூடுனது யாரு? நாந்தான் மிச்சம் வச்சேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஆசையா வச்சிருந்தீக. எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

சடங்கு தொடங்கிவிட்டது. கோவிந்தப்பன் தம் வலது கையைத் தங்கமணியின் வலது கைமேல் வைத்தார். சரோஜம்மாள் இரண்டு கைமேலும் மஞ்சள் தண்ணீர் விட்டார். தங்கமணி சுவிட்சைப் போட்டார். மோட்டார் கலக்கியது. முள் எட்டுக்கு வந்தது, ஐந்துக்கு வந்தது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"நீ தொடுப்பா" என்றார் சிவராஜ். கோவிந்தப்பன் தொட்டார். நான்கு. தண்ணீர். இரண்டு பேரும் சேர்ந்து தொட்டார்கள். மூன்று. தண்ணீர். யாரோ சொன்னார்கள் என்று இடது கையாலும் தொட்டுப் பார்த்தார்.

"குடுத்தவன் கையிலயும் இல்ல, வாங்குனவ கையிலயும் இல்ல" என்றார் சிவராஜ்.

சரோஜம்மாள் தீர்ப்புச் சொன்னார். "நடுவுல எங்கியோ சிந்திப்போச்சு."

எல்லாரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள்.

சிவராஜ் அலுவலக அறைக்குப் போய் நாற்காலியில் சரிந்தார். பின்னால் வந்து நின்ற கோவிந்தப்பனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போப்பா. நீ கேட்ட மாதிரியே போ. ராசி போன கையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது."

கேட்டது கிடைத்துவிட்டது. கோவிந்தப்பன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். இவ்வளவு காலம் டீக்கடையில் ஒத்திகை பார்த்த காட்சி. பார்ப்பதற்கு ஒருத்தர் இல்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கேட் வரைக்கும் திரும்பிப் பார்க்கவே இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

கேட்டில் ஒரு லாரி செந்தூரா ஏற்றி வந்து நின்றது. "அண்ணா, எங்க எறக்கறது?" என்றார் டிரைவர்.

"மூணாம் ரூம்ல எறக்கு. கதவைச் சாத்திக்கிட்டு எறக்கு, குளிரு போயிடும்" என்றார். சொன்ன பிறகுதான், போவதற்கு அங்கே குளிர் இல்லை என்பது உறைத்தது. லாரியிலிருந்து மாங்காய்ப் பால் வாசனை வந்தது. தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய் அந்த நேரத்தில்தான் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

தொட்டியின் பின்பக்கத்து அறையில், குளிர்க்குழாயை ஒட்டி, தொட்டியோடு இணைந்த கட்டைவிரல் தடிமன் குழாய் அது. மேலும் கீழும் வால்வு மூடியே இருக்கும். வெயில் படாமல் அவரே ஒரு சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார். அந்த அறை பூட்டியிருந்ததால் சர்வீஸ்காரர்கள் கழுவியிருக்க மாட்டார்கள்.

சாவி மேஜைமேல் இருந்தது. திரும்பப் போனார்.

"என்னப்பா, ஏதாச்சும் மறந்துட்டியா?" என்றார் சிவராஜ், தலையிலிருந்து கையை எடுக்காமல்.

"ஆமாங்க. மறந்துட்டேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டார்.

சாக்கை அவிழ்த்தார். குழாயின் அடியில் இரண்டு விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய உறை. உலகத்தில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். எட்டிப் பார்த்து, "தங்கமணி, கையை வை" என்று கிசுகிசுத்துவிட்டுக் கீழ் வால்வைத் திறந்து, மேல் வால்வையும் திறந்தார். வெள்ளை நழுவித் தொட்டிக்குள் போயிற்று.

முதலில் ஜன்னலின் ஓரத்தில் ஒரு புகைபோல் படர்ந்தது. பிறகு பால். பிறகு தயிர்.

"கெடச்சிருச்சு! கெடச்சிருச்சு!" என்று கூவினார் சரோஜம்மாள், சிந்தினதை அள்ளியெடுத்தவர்போல. சிவராஜ் ஓடிவந்தார். தங்கமணியின் வலது கைக்குச் சூடம் சுற்றினார்கள், மாலை போட்டார்கள், அந்தக் கையால் இனிமேல் எடைக்கல் தூக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார்கள். தங்கமணி கோவிந்தப்பனைப் பார்த்து, 'என்னை எதில் மாட்டிவிட்டீர்கள்' என்பதுபோல் விழித்தார். வேறு யாரும் கோவிந்தப்பனைப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது சிவராஜ் அவர் தோளைத் தட்டினார். வலது கையைத் தொடவில்லை. "சந்தோசமாப் போய்ட்டு வாப்பா. இங்க இனிமே ஒரு கவலையும் இல்ல."

"சாயங்காலம் அடியில ஓர் அடி..." என்று தங்கமணியிடம் ஆரம்பித்தார்.

"தெரியும்ணே. போங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மாதம்மாள் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தார். கோவிந்தப்பன் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, செல்போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் ஏறியது. போன் அடிக்கவில்லை. ஒரு தடவை கையிலெடுத்து, டவர் இருக்கிறதா என்று பார்த்தார். முழுசாக இருந்தது.

"சோறு போடட்டுங்களா?"

"இரு. இன்னும் வெயிலு உச்சிக்கு வரல."

"வெயிலுக்கும் சோத்துக்கும் என்னாங்க?"

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது. மாதம்மாள் போய்ப் பார்த்தார். அவர் சுவிட்சின்மேல் வலது கையை வைத்துக்கொண்டு, மூடிக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"அது தேங்காங்க. உறையாது" என்றார் மாதம்மாள். கோபமாகச் சொல்லவில்லை.

சாப்பிடும்போது அவரே பேச்செடுத்தார். "சாவி எங்கிட்டயே தங்கிப்போச்சு. நாளைக்குப் போற வழியில குடுத்துட்டுப் போயிடறேன்."

"அத்திப்பள்ளி பஸ்ஸு இந்தப் பக்கம். கிடங்கு அந்தப் பக்கம். அது எந்த ஊரு வழிங்க?"

அவர் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். மாதம்மாள் கொஞ்ச நேரம் அவருடைய வலது கையைப் பார்த்தார். பிறகு அதில் இன்னொரு துண்டு கறி வைத்தார்.

திங்கட்கிழமை காலை கோவிந்தப்பன் சாப்பாட்டு டப்பாவோடு பஸ் ஸ்டாப்பில் நின்றார். டீக்கடைக்காரர் "என்னண்ணா, இன்னிக்குப் போறீங்களாமே?" என்றார். "பின்னே? யாரு நிறுத்த முடியும்?" என்றார் கோவிந்தப்பன். கண்டக்டர் தொங்கிக்கொண்டே "அத்திப்பள்ளி, அத்திப்பள்ளி" என்று கூவிக்கொண்டு வந்தார். யாரும் நிறுத்தவில்லை. பஸ்தான் நின்றது. கோவிந்தப்பன் 'நீ போ, அடுத்ததில் வருகிறேன்' என்று கைகாட்டினார். அடுத்ததற்கும் அப்படியே காட்டினார்.

வெயில் ஏறியதும் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போன தங்கமணி தொட்டி அறைக்குத் திரும்பி வந்தபோது, ஜன்னலுக்கு எதிரே ஒரு காலிப் பழப்பெட்டிமேல் அவர் உட்கார்ந்திருந்தார். டப்பா மடியில் இருந்தது. சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"யாருண்ணே?"

"ராங் நம்பரு."

எட்டிப் பார்த்தார் தங்கமணி. திரையில் 'சுபாஷ் மச்சான்' என்றிருந்தது.

"மாதம்மா அக்கா விடிகாலையிலயே எனக்குப் போன் பண்ணிட்டாக" என்றார். "சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, சாயங்காலம் மறக்காமக் குடுத்தனுப்பச் சொன்னாக."

கோவிந்தப்பன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் சாவி குடுக்கத்தான் வந்தேன்."

"மேஜை அங்கனதான் இருக்குண்ணே. முதலாளி இன்னும் வரல. கதவு தெறந்துதான் கெடக்கு."

அவர் அந்தப் பக்கம் பார்த்தார். திறந்த கதவும், அதற்கு அப்பால் கேட்டும், அதற்கு அப்பால் சாலையும் தெரிந்தன. சாவியை இடுப்பில் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பெட்டியை ஜன்னலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உறைஞ்சிடட்டும். வெச்சிட்டுப் போறேன்."

ஜன்னலுக்கு உள்ளே தொட்டி எப்போதோ உறைந்திருந்தது.